நல்ல பாக்டீரியா குடலில் ஒட்டுமா? டர்பன் வாசகர் கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் மருத்துவ ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

சாட்ஸ்வொர்த் வாசகி: ஐயா, புரோபயாட்டிக் மாத்திரையில் இருக்கும் பாக்டீரியா குடலில் எதைப் பிடித்துக்கொள்கிறது?

பெரும்பாலும் குடல் சுவரை அல்ல அம்மா, அதன்மேல் படிந்திருக்கும் கோழையை. மியூசின் என்னும் சர்க்கரை செறிந்த புரதத்தால் ஆனது அந்தக் கோழை. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற ரகத்தின் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஸ்பாசி புரதம் மியூசினைப் பற்றுகிறது. 2009இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இது. அதே இனத்தில் எல்சி705 என்ற ரகத்துக்கு இந்த இழை கிடையாது. இனப்பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தீவிர நோயாளிக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: எந்த மாத்திரை நல்லது?

எந்த நோய்க்கு என்று சொல்லாமல் இதைக் கேட்பதில் பொருளில்லை.

டோங்காட் வாசகர்: ஒட்டியது ஆயுளுக்கும் இருக்குமா?

இருக்காது. கோழை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒட்டியதும் அதோடு போய்விடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: நல்லவை இடத்தை நிரப்பிவிட்டால் கெட்டவற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதானே? லிஸ்டீரியா என்ற கெட்ட பாக்டீரியா பரவியபோது தினமும் அமாசி என்னும் புளித்த பால் குடித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அமாசியைத் தொடாத கோடிக்கணக்கானவர்களுக்கும் வரவில்லை, தம்பி. 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சி வழியே பரவிய அந்த நோய் 1,060 பேரிடம் உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். இடம் பிடிப்பது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ் யுசிசி118 என்ற ரகத்தைக் கொடுத்த எலிகளை லிஸ்டீரியாவால் பெரிதாகத் தாக்க முடியவில்லை. இந்த ரகம் பாக்டீரியோசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு சுரக்கும் திறனை மட்டும் நீக்கிக் கொடுத்தபோது பாதுகாப்பு போயிற்று. அந்த நஞ்சைத் தாங்கும்படி லிஸ்டீரியாவை மாற்றியபோதும் போயிற்று. இடம்தான் காரணம் என்றால் இரண்டு தடவையும் எலி தப்பியிருக்க வேண்டும்.

அதே வாசகர்: அப்படியானால் ஒட்டுவது வீண் என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை. சுரக்கும் நஞ்சும் அமிலமும் அருகில் இருந்தால்தான் வேலை செய்யும். ஒட்டுவது அதற்கு உதவுகிறது. ஒடிசாவில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளில் பாதிப் பேருக்கு, குடலில் நன்றாகத் தங்கும் ஒரு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் ரகத்தை அதற்கு உணவாகும் சர்க்கரையோடு கொடுத்தார்கள். இரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவர்கள் பெறாதவர்களில் 9 சதவீதம், பெற்றவர்களில் 5.4 சதவீதம் (2017). ஆனால் 2018இல் அமெரிக்காவில் வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளுக்கு, இழைகளால் அருமையாக ஒட்டும் அந்த ஜிஜியைக் கொடுத்தும் பயனில்லை. ஒட்டுதல் ஒரு தகுதி. அதைக் கொண்டு தேர்வில் வென்றதாகச் சொல்ல முடியாது.

வெரூலம் வாசகி: ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழில் பாக்டீரியா உண்டா?

மாவு புளிக்கும்போது உண்டு, காய்ச்சியதும் செத்துவிடும். ஆறிய பின் புளித்த பால் சேர்த்தால் மீண்டும் உயிருள்ளவை வரும். அம்மன் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்காமல் குடியுங்கள்.

ஐசிபிங்கோ வாசகர்: எந்த மாத்திரை வாங்கலாம்?

மேலே படியுங்கள்.

பிரிட்டோரியா வாசகர்: ஆண்டிபயாட்டிக்கோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பாக்டீரியா என்றால் சில மணி நேர இடைவெளி விடுங்கள். சாக்கரோமைசிஸ் போலார்டி என்னும் புரோபயாட்டிக் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். ஆண்டிபயாட்டிக் அதைக் கொல்லாது.

சாட்ஸ்வொர்த் வாசகர்: அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நர்சுக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் சோதித்தார்கள்; 2008இல் முடிவு வந்தது. புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். கழுத்து இரத்தநாளத்தில் குழாய் பொருத்தியிருந்தால் இந்தப் பாக்டீரியாவே இரத்தத்தில் இறங்கக்கூடும். மாத்திரைப் புட்டியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகாதீர்கள், தம்பி.