நிரம்பாத தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். இரண்டு வருடமாக மழைக்காலத்தில் லேசான வாடை. செப்டிக் டேங்க் 20 அடி தள்ளி இருக்கிறது. 15 வருடமாக நிரம்பியதே இல்லை. கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

பதில்: கிருமிக்குப் போதும், கழிவுநீரிலிருந்து கலக்கும் நைட்ரேட் என்ற உப்புக்குப் போதாது. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கூடாது.

“நிரம்பியதே இல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அங்கேதான் சந்தேகம். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டிவரும். உங்களுடையது பெரும்பாலும் அடியில் காங்கிரீட் போடாத உறைக்குழி. “தண்ணி தானா இழுத்துக்கும் சார்” என்று கொத்தனார் சொல்லியிருப்பார். இழுத்துக்கொண்டது எங்கே போனது? மழையில் நிலத்தடி நீர் குழி வரை ஏறும்போது வாடை வருவது அதனால்தான். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். இடமில்லையென்றால் அடியும் பக்கமும் பூசி, கழிவுநீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கழிவறையில் ஆசிட்டைத் தாராளமாக ஊற்றாதீர்கள். கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

அப்புறம், கிணற்றடி. துவைக்கும் கல்லை அங்கிருந்து நகர்த்துங்கள். தளத்தில் வெடிப்பு இருந்தால் சோப்புத் தண்ணீர் நேராக உள்ளேதான் இறங்கும். பைக்கிலிருந்து வடித்த ஆயிலைக் கொல்லையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

குழியைச் சரிசெய்தபின் கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒன்றரை மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 5,300 லிட்டர். 13 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் அசையுங்கள். இரவில் செய்தால் காலையில் இறைக்கலாம். குளோரினும் நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது.

ஆகவே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நைட்ரேட், ஈ.கோலி (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வாடை வரும் நாளில், குளோரின் போடுவதற்கு முன் எடுத்த தண்ணீராக இருக்கட்டும். கோடையில் எடுத்தால் எல்லாம் சரி என்றுகூட முடிவு வரலாம்.