சதுரங்கத்தில் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) குறைந்தவர் கறுப்புக் காயோடு வெல்ல முடியுமா?

முடியும். 2022 பெப்ரவரியில், இணையவழி ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் விரைவுப் போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை 16 வயது பிரக்ஞானந்தா கறுப்புக் காயோடுதான் வென்றார், 39 நகர்வில். அது பெரிய இடத்துக் கதை. என் கதை நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில், பங்குனி வெயிலில் நடந்தது.

என் ரேட்டிங் 1512, எதிரே இருந்த தம்பிக்கு 1734. வென்றால் ஒரு புள்ளி, சமநிலைக்கு அரை. ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து முடிவை மதிப்பிடும் ஈலோ கணக்குப்படி அந்த ஆட்டத்தில் நான் எடுக்கக்கூடியது சராசரியாக 0.22 புள்ளி. வெள்ளைக் காய் யாருக்கு என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. முதலில் நகர்த்துவது வெள்ளை, எனக்கோ கறுப்பு; அதையும் பார்த்தால் இன்னும் குறையும். சோடி போட்ட தாளைப் பார்த்ததும், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தை ஆடினேன். ஏழாவது நகர்வில் டி4 கட்டத்தில் அவனுடைய சிப்பாய் சும்மா கிடந்தது. குதிரையால் வெட்டலாம், அவன் குதிரையால் திருப்பி வெட்டுவான், நான் ராணியால் எடுக்கலாம். கை காய்க்குக் கிட்டப் போய்விட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது: அவன் மந்திரி பி5-இல் வந்து செக் வைத்தால், அவன் ராணிக்கு வழி திறந்து என் ராணி போய்விடும்! தொட்டால் ஆடித்தான் ஆகவேண்டும். கையை இழுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முதலில் என் மந்திரியை டி7-க்கு நகர்த்தி அந்தச் செக்கை மறித்தேன். அவன் கோட்டை கட்டினான். அப்புறம்தான் சிப்பாயை வெட்டினேன். தெரிந்துதான் விட்டுக்கொடுத்தான், மில்னர்-பாரி காம்பிட் என்பார்கள்.

அடுத்த ஒரு மணித்தியாலம் அடி வாங்கியபடியே இருந்தேன். ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது சமநிலை கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அவன் இடத்தில் இருந்து பாருங்கள்: கே காரணி (ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்றால், வென்றால் அவன் ரேட்டிங்கில் 4.4 புள்ளி கூடும். சமநிலை என்றாலே 5.6 போய்விடும். வென்றே தீரவேண்டிய நெருக்கடி அவனுக்குத்தான்.

பிறகு தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். என் ராணி ஒரு செக் வைக்க, ராணிகளை மாற்றுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. மிச்ச வேலையை டி வரிசையில் இருந்த என் சிப்பாய் பார்த்துக்கொண்டது.

கை கொடுக்கும்போது, "நீங்கள் கேட்டபோதே சமநிலை எடுத்திருக்கலாம் அண்ணை" என்றான். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தேன். நான் சமநிலை கேட்ட அந்த இடத்தில் மேலே இருந்தது நான்தான்.