அந்த அறை அம்மாவுடையது

கேள்வி: எனக்கு வயது 49. சென்னையில் மூன்று படுக்கையறை வீடு. பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பது என் பல வருடப் பழக்கம். ரப்பர் விசை வைத்த ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, எச்.சி.எல். பிஸிபீ, 286, 386, 486, ஒரு மேக் எஸ்.இ. என்று 23 இருக்கின்றன. பாதி ரிச்சி தெருவில் வாங்கியவை, மீதி காயலான் கடைகளில் பொறுக்கியவை. நான் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது அம்மாவின் ஆபீசில். அவர் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பச்சை எழுத்துத் திரை எரிந்தால் போதும், நான் மறுபடி பள்ளிக்கூடப் பையனாகிவிடுவேன். கடற்காற்று ஆகாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்து ஏசி போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. ஹாலே வசதி என்று அவரே சொல்லிவிட்டார். மனைவிக்குத்தான் ரசனை இல்லை. 'எல்லாத்தையும் எடைக்குப் போடப் போறேன்' என்று தினமும் சண்டை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் மேக் எஸ்.இ. கிடைத்த கதை மட்டும் ஒரு பக்கம். அம்மா ஹாலுக்கு வந்த கதை ஒரு வரி, அதுவும் ஏசியைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில்.

கணவர் எதையோ சேர்க்கிறார், மனைவி கோபப்படுகிறார் என்ற கடிதம் எனக்கு வராத மாதம் இல்லை. தபால்தலை, பழைய புல்லட், மீன்தொட்டி, புறா, இப்போது கம்ப்யூட்டர். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. அவரைப் பிறகு பார்ப்போம்.

"அவரே சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, எப்போது சொன்னார்? முதல் அலமாரி அந்த அறைக்குள் வருவதற்கு முன்பா, வந்த பிறகா? நீங்கள் கேட்டுச் சொன்னாரா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? மகன் வீட்டில் இருக்கும் 74 வயது அம்மா வேறு என்ன சொல்வார்? "எனக்கு ஒரு ரூம் வேணும்டா" என்று கேட்கிற தாயை இத்தனை வருடக் கடிதங்களில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சாதம் குறைவாக இருந்தால் "எனக்குப் பசியில்லை" என்பார்கள். இடம் குறைவாக இருந்தால் "எனக்கு இதுவே சௌகரியம்" என்பார்கள். அது அனுமதி ஆகாது. பிள்ளை அதைக் கேட்டதும் பதறியிருக்க வேண்டும். நீங்கள் அலமாரிக்கு அளவெடுத்திருக்கிறீர்கள்.

ஹாலில் அவர் எப்படி இருக்கிறார் என்று யோசித்தீர்களா? ஹாலுக்குக் கதவு கிடையாது. புடவை மாற்ற அவர் குளியலறைக்குத்தான் போக வேண்டும், அந்த ஈரத் தரையில், அந்த வயதில். முட்டி வலித்தால் தைலம் தேய்க்க, எல்லோரும் வெளியே போகும் வரை காத்திருக்க வேண்டும். மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்றால் கூரியர்காரர் பெல் அடிப்பார். உங்கள் நண்பர்கள் மெஷின்களைப் பார்க்க வந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து, தலையைக் கோதி, சிரிக்க வேண்டும். ராத்திரி நீங்கள் டிவியை அணைத்த பிறகுதான் அவருக்குத் தூக்கம். விடிந்து பால்காரர் வருவதற்குள் படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும். சொந்தப் பிள்ளை வீட்டில், ஆயுசுக்கும் விருந்தாளி மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம், அணைத்து வைத்த 23 மெஷின்களுக்கு ஏசி ஓடுகிறது.

1980களின் ஆபீஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் கண்ணாடிக் கதவு, ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே டைப்பிஸ்டுகள் மின்விசிறிக் காற்றில் வியர்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். அப்போதாவது ஒரு காரணம் இருந்தது. பெரிய மெஷின்கள் கக்கிய சூடு ஒரு பக்கம். வட்டுகளின் மேல் தூசி விழுந்தால் தகவலே போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். விலையும் கம்பெனியால் சுலபமாகத் தாங்க முடியாதது. உங்கள் அம்மா அந்த வெளிப்பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்தவராகத்தான் இருப்பார். இத்தனை வருடம் கழித்து, மகன் வீட்டிலும் அவருக்கு அதே வெளிப்பக்கம்தானா?

உங்கள் ஏசி அந்த மெஷின்களைக் காப்பாற்றவும் போவதில்லை. ஸ்பெக்ட்ரம் 1982ல் வந்தது. யார் வீட்டு ஹாலிலும் டிவியோடு மாட்டி ஓட்டுவதற்காகவே செய்தது. பிபிசி மைக்ரோ 1984ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது, பிள்ளைகள் தட்டுவதற்காக. அணைத்து வைத்த மெஷினுக்கு வெயில் படாத, ஈரம் தங்காத, தரையிலிருந்து உயர்ந்த ஒரு பலகை போதும். மூடிய பெட்டி என்றால் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். ஏசியைச் சில மணி நேரம் ஓட்டி அணைத்து, குளிர்ந்த மெஷினை ஹாலின் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தீர்களானால் உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

அவற்றைக் கொல்லப்போவது உள்ளே இருப்பதுதான். 286, 386, 486 மெஷின்களின் சர்க்யூட் போர்டுகள் பலவற்றில் பீப்பாய் போல ஒரு சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். எவ்வளவு குளிர்ந்த அறையில் வைத்தாலும் அது ஒரு நாள் ஒழுகும். அந்தக் காரத் திரவம் போர்டின் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். இந்த வாரமே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவையுங்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளைக்குள் கண்ணாடி போன்ற உறையோடு கெபாசிட்டர்கள் இருக்கும். உறை விரிசல் விட்டிருந்தால் அது ஈரத்தைக் குடித்திருக்கும். ஸ்விட்ச் போட்டால் புகை கக்கும். மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள். மேக் எஸ்.இ.க்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி உண்டு, ஆனால் அணைத்த பிறகும் ஷாக் அடிக்கக்கூடிய படக்குழாயும் அதில் இருப்பதால் விஷயம் தெரிந்தவர் இல்லாமல் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கும் முன் படிக்க முடிகிறதையெல்லாம் பிரதி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்வது உங்கள் ஆசையை நான் மதிப்பதால்தான். பழைய மெஷினைப் பத்திரமாக வைத்திருப்பது நல்ல காரியம், யாராவது செய்தே ஆக வேண்டிய காரியம். ஆனால் அதற்கு 23 எதற்கு?

மைக்ரோசாஃப்டை பில் கேட்ஸோடு சேர்ந்து தொடங்கிய பால் ஆலனுக்கும் உங்களைப் போலவே இந்த ஆசை இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களை ஓடுகிற நிலையில் வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கும்படி 2012ல் சியாட்டிலில் ஒரு மியூசியமே திறந்தார். 2018ல் அவர் இறந்தார். 2020ல் கொரோனாவில் மூடிய மியூசியம் திறக்கவே இல்லை. 2024ல் அவர் சேர்த்தவற்றில் பலவும் கிறிஸ்டீஸ் ஏலத்தில் போயின. உலகப் பணக்காரர் ஒருவரின் சேகரிப்புக்கே இந்தக் கதி. உங்களுக்குப் பிறகு உங்கள் 23ஐ யார் பார்ப்பார்கள்? இப்போதே 'எடைக்கு' என்று சொல்கிற மனைவியா? பெண்ணோ பையனோ இருந்தால் அவர்களா?

நான்கு மெஷின்களை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து என்றால் அதுவே அதிகம். மீதியை இதே ஆசை உள்ளவர்களுக்குக் கொடுங்கள். உங்களுக்கு ஆட்களைத் தெரியாமல் இருக்காது. ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரி காட்சிக்கு வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். உயிர் போனதைக் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள். பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரிக்கிற புகையை யாரோ ஒருவர் பிள்ளை மூச்சாக இழுக்கும். மின்கழிவை வாங்க அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களிடம் கொடுங்கள்.

தம்பி, உங்களைத் திட்டாமல் விட முடியாத இடம் இன்னொன்று இருக்கிறது. முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது அம்மாவின் ஆபீசில் என்கிறீர்கள். அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் உங்களைக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தான். டைப்ரைட்டரில் கை பழகிய பெண், நடு வயதில், 'இனி டைப்பிஸ்டே தேவையில்லையாம்' என்ற பேச்சு ஆபீஸ் முழுக்க ஓடிய காலத்தில், வேர்ட்ஸ்டார் என்ற டைப் செய்யும் மென்பொருளோ வேறெதுவோ புதிதாகக் கற்றுக்கொண்டு வேலையைத் தக்கவைத்திருப்பார். வேர்ட்ஸ்டாரில் கோப்பைச் சேமித்து மூட கன்ட்ரோலோடு கே, அப்புறம் டி. அந்தக் காலத்து டைப்பிஸ்டுகளின் விரல்கள் இன்றும் அதை மறந்திருக்காது. உங்கள் வீட்டில் இந்த மெஷின்களை வைத்துச் சோறு சம்பாதித்தவர் அவர் ஒருவர்தான். எது எந்த வருடம் வந்தது, ராம் என்கிற நினைவகம் எவ்வளவு என்று எனக்குப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு ஆபீசில் கொடுத்தது எந்த மெஷின், எத்தனை நாளில் கற்றுக்கொண்டார், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு முறையாவது ஒன்றை ஓட்டி அவரை அதன் முன்னால் உட்காரவைத்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், காணோம்.

பெற்றவளுக்கு ஒரு அறை கொடுப்பது கருணை கிடையாது, கடமை. வசதி இல்லாத வீடு என்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். உங்களிடம் அறை இருக்கிறது, ஏசி இருக்கிறது. அவருக்கு ஏன் இல்லை என்பதற்கு நீங்கள் சொன்ன ஒரே காரணம், அவரே வேண்டாம் என்றார் என்பதுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அறையைக் காலி செய்யுங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள்; கேட்டால் வேண்டாம் என்பார், நீங்களும் நிம்மதியாக விட்டுவிடுவீர்கள். கட்டிலை உள்ளே போட்டு, ஜன்னல் பக்கம் அவர் தலைமாட்டை வையுங்கள். கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஏசி ரிமோட்டை அவர் கையில் கொடுத்து எப்படி இயக்குவது என்று சொல்லிக் கொடுங்கள். "இந்த வயசுல எனக்கு எதுக்குடா ஏசி" என்பார். சொல்லட்டும்.

இப்போது மனைவி. ராத்திரி அம்மா எழுந்தால் முதலில் விழித்துக்கொள்வது யார்? உறவினர் யாராவது ஹாலில் கிடக்கும் படுக்கையைப் பார்த்து முகம் சுளித்தால், பழி யார் தலையில் விழும்? மருமகள் மாமியாரை வெளியே தள்ளிவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். மகனின் கம்ப்யூட்டர்கள் தள்ளின என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு ரசனை இல்லை என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அறை காலியான பிறகு அவரிடம் பேசுங்கள். மிஞ்சிய நான்கு மெஷின்களுக்கு எந்தச் சுவரில், எத்தனை அடியில் அலமாரி போடலாம் என்று அவரே சொல்லட்டும். அவர் சொல்கிற அளவுதான் அளவு.