நார்வே ராணுவ டாட்டூவில் (ராணுவ பேண்டுகளின் இசை, அணிவகுப்பு நிகழ்ச்சி இது) கட்டளைக் குரலே இல்லாமல் அத்தனை பேரும் ஒன்றாக அசைவது எப்படி?

காதை முழுவதும் நம்பாமல், மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பதால்தான்.

ஒஸ்லோ ஸ்பெக்ட்ரம் அரங்கில் நடக்கும் நார்வே ராணுவ டாட்டூவில் பலரும் வாய்பிளந்து பார்ப்பது அரசரின் காவல் படையின் இசை, ட்ரில் அணியைத்தான். ட்ரில் என்றால் துப்பாக்கியோடு எல்லோரும் ஒன்றாகச் செய்யும் அணிவகுப்பு அசைவுகள். 1856இல் தொடங்கிய படை அது. பெரும்பாலும் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள். சேவைக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள், அடுத்த அணியைப் பழையபடி முதல் அடியிலிருந்து பழக்க வேண்டும். அந்த நேர்த்தியை இதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் எதிரி ஒலியின் வேகம். ஒலி 34 மீட்டர் போக 0.1 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி நடையில் ஓர் அடிக்கு அரை நொடி. அதாவது அரங்கின் மறுமுனையில் நிற்பவருக்குத் தாளம் ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தியே கேட்கிறது. முன்வரிசை வாசிப்பதைக் கேட்டுப் பின்வரிசை வாசித்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பிசகு இரட்டிப்பாகும். அதனால் டிரம்களைப் பின்னாலோ நடுவிலோ வைத்து, முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் தாளத்துக்கு வாசிப்பார்கள். டிரம் வாசிப்பவர்கள், பேண்டை நடத்திச் செல்லும் டிரம் மேஜரின் கோலைக் கண்ணால் பிடிப்பார்கள். மூடிய அரங்கில் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும் ஒலி வேறு குழப்பும். பேண்ட் இரண்டாகப் பிரிந்து விலகும் கட்டம்தான் ஆக ஆபத்தானது.

அடுத்தது, வரிசை திரும்புவது. எட்டுப் பேர், இடைவெளி 1 மீட்டர், 16 அடியில் கால்வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கோடியில் இருப்பவர் ஏறக்குறைய 11 மீட்டர் நடக்க வேண்டும். அடிக்கு 69 செ.மீ. உள்கோடியில் அச்சாக, இடம் மாறாமல் திரும்புபவருக்கு அடுத்தவருக்கோ அடிக்கு 10 செ.மீ.தான். பழகாத அணியில் உள்ளே இருப்பவர் எட்டி வைத்துவிடுவார், கோடு வில்லாக வளையும். வெளியே இருப்பவரைக் குறை சொல்வார்கள், தவறு பெரும்பாலும் உள்ளேதான்.

துப்பாக்கியை மேலே சுழற்றி வீசிப் பிடிப்பதற்கு வருவோம். இவர்கள் ட்ரில்லுக்குக் கையாள்வது பழைய எம்1 கராண்ட் துப்பாக்கி, எடை 4.3 கிலோ, நீளம் 1.1 மீட்டர். ஒரு நொடி காற்றில் நிற்க வேண்டுமானால் அது 1.2 மீட்டர் உயர வேண்டும். 120 நடையில் அது சரியாக இரண்டு அடி. பரபரப்பில் டிரம் 128க்கு ஓடிவிட்டால் அதே இரண்டு அடிக்கு 1.08 மீட்டர்தான் எழ வேண்டும். பழகிய உயரத்துக்கே கை வீசும். துப்பாக்கி தாளத்துக்குப் பிந்தி இறங்கும், பிடிக்கும் சத்தம் சிதறும். அதனால்தான் ட்ரில் அணியின் உயிர் டிரம் வாசிப்பவர் கையில் இருக்கிறது என்பேன். காலப்பிரமாணம் கூடாமல் நிற்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். சுழற்சி முழுதாக முடியாவிட்டால் கை பிடிக்கும் இடம் மாறும். நுனியில் கத்தி செருகியிருந்தால் எடை முன்னால் கூடி வீச்சே வேறாகிவிடும், ஆகவே கத்தியோடுதான் நிகழ்ச்சி என்றால் பயிற்சியும் கத்தியோடுதான்.

ஊதுபவர்களுக்குக் கால்தான் பிரச்சினை. குதிகாலைத் தொம்மென்று வைத்தால் அதிர்வு உதடு வரை ஏறி நாதம் நடுங்கும். குதிகாலில் தொடங்கிப் பாதத்தை உருட்டி வைக்க வேண்டும். பின்னோக்கி நடக்கும்போது முன்பாதத்தில். முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்கட்டும்.

அடுத்த முறை காணொளி பார்க்கும்போது நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு, திருப்பத்தில் அச்சுக்குப் பக்கத்தில் நிற்பவரின் காலை மட்டும் பாருங்கள்.