புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி? கேள்வி பதில்

பாடத்தை மூன்று முறை வாசிக்கிறேன் சார். வீட்டில் எல்லாம் தெரிகிறது, தேர்வில் மறந்துபோகிறது. (10ஆம் வகுப்பு மாணவி)

வரியைப் பார்க்கும்போது பழகிய முகம்போல் இருக்கும், அம்மா. அதைத்தான் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறாய். தேர்வில் அந்த வரி கண்முன் இருக்காது.

ஒரு முறை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடு. வெற்றுத்தாளில் 10 நிமிடம், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது. பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர். ஒளிச்சேர்க்கை என்றால் சூரிய ஒளி, பச்சையம், நீர், கார்பன் டை ஆக்சைடு என்று கடகடவென வந்துவிடும். வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து பிரிகிறது என்பது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அந்தச் சிவப்பு வரிதான் நாளைய பாடம். மறுநாள் புதுத்தாளில் மறுபடி எழுது. அடுத்து 3 நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு. தாளுக்குத் தாள் சிவப்பு குறைவதை நீயே பார்ப்பாய்.

வண்ணப் பேனாவால் கோடு போடுவது படிப்பு ஆகாது. பக்கம் முழுக்க மஞ்சளாகும், மனதில் ஒன்றும் தங்காது.

தினம் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

மணியைக் கணக்கிடாதே, தம்பி. மூடிவைத்து எத்தனை கேள்விக்கு விடை எழுதினாய் என்று எண்ணு. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடை. ஒரே மாலையில் இப்படி நான்கு சுற்று ஒழுங்காகப் போனாலே நல்ல படிப்பு.

விடியற்காலை நல்லதா, இரவா?

தூக்கம் குறையாத நேரம் எதுவோ அது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

நாங்களெல்லாம் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் தேறினோம். எழுதிப் பார்ப்பது நேர விரயம். (ஒரு தந்தை)

ஐயா, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வாசிப்பு பலன் தருவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

அப்படியானால் வாய்ப்பாடு, செய்யுள் மனப்பாடம் வேண்டாமா? (ஓர் ஆசிரியை)

கட்டாயம் வேண்டும், மேடம். மனப்பாடத்துக்கு நான் எதிரியல்ல. பார்த்துக்கொண்டே ஒப்பிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். செய்யுளின் முதல் அடியை மட்டும் வைத்து மற்றதைக் கையால் மறைத்துச் சொல்லட்டும். தடுக்கிய இடத்தில் மட்டும் கையை எடுக்கட்டும்.

சரி, எழுத நேரம் எங்கே இருக்கிறது? (அதே தந்தை)

மூன்று வாசிப்பில் இரண்டை விடுங்கள், ஐயா. நேரம் அங்கேயே இருக்கிறது. எழுத முடியாத நாளில் வாயால் சொன்னாலும் போதும்.

கணக்கில் எப்போதும் கவனப்பிழை.

'கவனப்பிழை' என்ற பெயரைக் கைவிடு. பிழை ஏட்டில் மூன்று கட்டம் போடு: கணக்கு எண், சறுக்கிய வரி, காரணம். −3(x−2) என்பதை −3x−6 என்று எழுதியிருந்தால், "அடைப்பை நீக்கும்போது இரண்டாம் உறுப்பின் குறியை மாற்றவில்லை" என்று எழுது. சரியான விடை −3x+6. 3 நாள் கழித்து, ஏட்டைப் பார்க்காமல் அதே கணக்கைப் போடு. ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடாமல் கலந்து போடு. எந்த முறை பொருந்தும் என்று தேர்வதும் பயிற்சிதான்.

எத்தனை மணி நேரம் என்று சொல்லவே இல்லையே?

மேலே இரண்டாம் பதிலைப் பாருங்கள். இதே கேள்விக்கு மறுபடி பதில் எழுத மாட்டேன்.

படித்தால் தலைவலி, எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

முதலில் கண் மருத்துவர்.

மகனுக்கு இலக்கே இல்லை. 90 மதிப்பெண் என்று எழுதி ஒட்டியும் பயனில்லை. (ஒரு தாய்)

அது நீங்கள் எழுதி ஒட்டியது அம்மா, அவன் எழுதியதல்ல. மதிப்பெண் அவன் கையில் இல்லை, இன்று போடும் கணக்கு அவன் கையில் இருக்கிறது. எதில் முன்னேற ஆசை என்று கேளுங்கள். அவன் சொன்னதை ஒரு நேரத்தோடும் இடத்தோடும் கட்டுங்கள்: "பையை வைத்து முகம் கழுவியதும், மேசையில் 4 கணக்கு." கைபேசி அடுத்த அறையில். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். 2010இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பழக்கம் படிய ஆன காலத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனால் திட்டாதீர்கள். அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. மறுநாள் 8 கணக்கு போடச் சொல்லாதீர்கள், அதே 4 போதும்.