மாடிப்படி ஏறினால் வாட்ஸ்அப் கால் கட்டாகிறது, மெஷ் வாங்கணுமா?

கேள்வி: கீழ்த்தளத்தில் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரூட்டர் இருக்கிறது. அதிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் இன்னொரு ரூட்டரை வேறு வைஃபை பெயரில் வைத்திருக்கிறோம். பேசிக்கொண்டே மாடி ஏறினால் கால் கட்டாகிவிடுகிறது. கடைக்காரர் மூன்று பெட்டி மெஷ் செட் (வீடு முழுக்க ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகள்) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மாடிக்குக் கேபிள் போயாச்சு என்றால் கஷ்டமான வேலை முடிந்துவிட்டது, மீதி செட்டிங்ஸ்தான்.

மாடி ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு, அதாவது கீழ் ரூட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகக் கொடுக்கும் நிலைக்கு, மாற்றுங்கள். இப்போது அது தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருக்கும், மாடிக்குப் போனதும் போனுக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) வரும், பேச்சு அறுந்துபோவது பெரும்பாலும் அதனால்தான். அந்த மோட் இல்லாத பழைய ரூட்டரா? அதன் ஐபி முகவரி கீழ் ரூட்டருடையதோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபியை (ஐபி முகவரி வழங்கும் வேலையை) அணைத்துவிட்டு, கேபிளை வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) செருகாமல் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள். அப்புறம் இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை. சேனல் (ரூட்டர் பயன்படுத்தும் அலைவரிசை எண்) மட்டும் வேறு வேறு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றுக்குள் வையுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் போன் கீழ் ரூட்டரையே பிடித்துத் தொங்கலாம், ஏனென்றால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது ரூட்டர் இல்லை, போன். ஐபோன் எல்லாம் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு) கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும். அதனால் கீழ் ரூட்டரின் பவரைக் குறைத்துப் பாருங்கள். பவர் கூடக்கூட நல்லது என்றுதான் நினைப்போம், இந்த விஷயத்தில் அதுவே தொல்லை.

ரூட்டர், மெஷ் அட்டைப்பெட்டியில் 802.11 கே, வி, ஆர் என்று போட்டிருப்பார்கள், போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற உதவும் வசதிகள் இவை. கே என்பது பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று போனுக்குப் பட்டியல் தரும், வி என்பது 'அங்கே போ' என்று சொல்லும், ஆனால் போன் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆர் என்பது மாறும்போது நடக்கும் லாகின் சரிபார்ப்பைச் சுருக்கும், அது அதிகம் உதவுவது ஆளுக்கொரு லாகின் உள்ள ஆபீஸ் முறையில். வீட்டு பாஸ்வேர்டில் லாபம் குறைவு, சில பழைய பிரின்டர்கள் அதை ஆன் செய்தால் சேரவே மறுக்கும்.

இதெல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால் மெஷ் வாங்குங்கள், ஆனால் இரண்டு தளத்துக்கு இரண்டு பெட்டி போதும். ஒவ்வொன்றிலும் லேன் போர்ட் இருக்கிறதா, கேபிள் வழியாகவே ஒன்றோடொன்று பேசுமா என்று கேட்டு வாங்குங்கள்.