சர்ச் கன்சோலில் பச்சை எழுத்து தெரிந்தும் கூகுளில் பக்கங்கள் வராதது ஏன்?

கேள்வி: சோழநாட்டுக் கோயில்கள் பற்றித் தமிழில் ஒரு இணையதளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸில் அமைத்தது. இதுவரை 412 கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். தளத்தை அமைத்துக் கொடுத்தவர், ஒரு தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில், பக்க முகவரிகளின் பட்டியலான சைட்மேப்பையும் சமர்ப்பித்துவிட்டுப் போனார். அங்கே ‘சக்சஸ்’ என்று பச்சையில் காட்டுகிறது. கண்டறிந்த பக்கங்கள் 1,138 என்றும் இருக்கிறது. ஆனால் தேடலில் காட்டுவதற்காகக் கூகுள் சேமித்துவைக்கும் அட்டவணையில் 163 பக்கங்கள்தாம் ஏறியிருக்கின்றன. சைட்மேப்பை அழித்துவிட்டு மறுபடி சமர்ப்பிக்கலாமா? அது சரியாக இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

பதில்: அழிக்க வேண்டாம். சைட்மேப்பைக் கன்சோலிலிருந்து நீக்கினால் அங்குள்ள பட்டியலிலிருந்துதான் மறையும். ஏற்கெனவே படித்த முகவரிகளைக் கூகுள் மறந்துவிடாது.

முதலில் அந்தப் பச்சை எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. பட்டா கிடைத்துவிட்டது என்பதற்கு அல்ல. ‘சக்சஸ்’ என்பதும் அப்படித்தான். கோப்பைத் திறக்க முடிந்தது, படிக்க முடிந்தது, அதன் அமைப்பில் பிழை இல்லை. அதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. பட்டியலில் உள்ள பக்கங்களை அட்டவணையில் சேர்ப்பதாகக் கூகுள் ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். நீங்கள் எழுதியவை 412. கூகுள் கண்டறிந்தவை 1,138. மீதி 726 பக்கங்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்வியை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய சைட்மேப் முகவரியை உலாவியில் திறந்து பார்த்தேன். அது ஒரே பட்டியல் அல்ல, பட்டியல்களின் பட்டியல். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே சைட்மேப் தயாரிக்கிறது. கட்டுரைகளுக்கு ஒன்று, நிலையான பக்கங்களுக்கு ஒன்று, வகைகளுக்கு ஒன்று, டேக்குகளுக்கு (கட்டுரையோடு ஒட்டும் குறிச்சொற்களுக்கு) ஒன்று, எழுதியவர்களுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கும். உங்கள் தளத்தில் கட்டுரைகள் 412, பக்கங்கள் 9, வகைகள் 21, எழுதியவர் 1. டேக்குகள் 695! ‘ராஜகோபுரம்’, ‘ராஜ கோபுரம்’, ‘கோபுரம்’, ‘கோபுரங்கள்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கட்டுரையின் தலைப்பு மட்டும் தொங்குகிறது. நீங்கள் எழுதாத பக்கங்களைக் கூகுளிடம் நீட்டி, ‘இவையும் முக்கியம்’ என்று உங்கள் தளமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

டேக் பக்கங்களைச் சைட்மேப்பிலிருந்து விலக்குங்கள். எஸ்இஓ செருகுநிரல்கள் (தேடலில் தளம் நன்றாகத் தெரிய உதவும், வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) பலவற்றில் இதற்கு ஒரு சொடுக்கு போதும். ஒரு எச்சரிக்கை: அப்படி ஒரு செருகுநிரலை நிறுவினால் அது தன் சொந்த சைட்மேப்பை வேறு முகவரியில் உருவாக்கக்கூடும். அப்போது புதிய முகவரியைத்தான் சமர்ப்பிக்க வேண்டும். பழையதும் புதியதும் கன்சோலில் அருகருகே நின்று, எது உயிரோடிருப்பது என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கும் தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்த 163-இல் கட்டுரைகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுரைகளுக்கான உள்சைட்மேப்பின் முகவரியைத் தனியாக ஒருமுறை சமர்ப்பியுங்கள். அது ஏற்கெனவே பெரிய பட்டியலுக்குள் இருந்தாலும் பாதகமில்லை. பிறகு பக்க அட்டவணை அறிக்கைக்குப் போய், மேலே உள்ள வடிகட்டியில் அந்த சைட்மேப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். இப்போது தெரியும் எண்ணிக்கை உங்கள் 412 கட்டுரைகளுக்கு மட்டும் உரியது. அட்டவணையில் ஏறாதவை ஏன் ஏறவில்லை என்ற காரணங்கள் அதன் கீழே வரிசையாக இருக்கும்.

அவற்றில் இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘கண்டறியப்பட்டது, தற்போது அட்டவணையில் இல்லை’ என்றால், முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து பார்க்கவில்லை என்று பொருள். சைட்மேப்பில் குப்பை சேர்ந்த தளங்களிலும் சேவையகம் மெதுவாக இயங்கும் தளங்களிலும் இதை அதிகம் பார்க்கிறேன். ‘வலம்வரப்பட்டது, தற்போது அட்டவணையில் இல்லை’ என்பது வேறு கதை. வந்தார்கள், படித்தார்கள், வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். அதற்குச் சைட்மேப்பில் மருந்து இல்லை. அந்தக் கட்டுரையைத்தான் பார்க்க வேண்டும். இருநூறு சொற்களில் தல வரலாறு, கீழே நடை திறக்கும் நேரம் என்று எழுதியிருந்தால், அதையே எழுதிய தளங்கள் இணையத்தில் ஏராளம். ‘நோஇன்டெக்ஸ்’ குறியால், அதாவது அட்டவணையில் சேர்க்காதே என்று பக்கத்திலேயே வைத்த குறிப்பால், விலக்கப்பட்டது என்று வந்தால், ஒரு கையால் அழைத்து மறு கையால் கதவை மூடியிருக்கிறீர்கள்; உடனே சரிசெய்துவிடலாம்.

கன்சோலின் சைட்மேப் பட்டியலில் ‘கடைசியாகப் படித்த தேதி’ என்ற நெடுவரிசையையும் கவனியுங்கள். வாரம் இரண்டு கட்டுரை போடும் தளத்தில் அந்தத் தேதி மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தால், அப்போதுதான் மறுபடி சமர்ப்பிப்பதில் அர்த்தம் உண்டு. தினமும் சமர்ப்பிப்பது வீண். கோப்பைப் பெற முடியவில்லை என்று சிவப்பில் வந்தால், சைட்மேப்பின் முழு முகவரியை மேலே உள்ள யுஆர்எல் ஆய்வுப் பெட்டியில் இட்டு, நேரடிச் சோதனையை ஓட்டுங்கள். வலம்வர அனுமதி உண்டா, பக்கம் கிடைத்ததா என்ற இரண்டு வரிகள் போதும். அந்த முகவரி கூகுள் தேடலில் இல்லை என்றும் அங்கே சொல்லும். சைட்மேப் தேடலில் வர வேண்டிய பொருளே அல்ல என்பதால் பதற வேண்டாம்.

கோப்பைத் திறந்ததும் தமிழ் முகவரிகள் இருக்க வேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகக் குப்பைபோலத் தெரிந்ததா? அது பிழை அல்ல. சைட்மேப் விதிப்படி முகவரிகள் அப்படித்தான் இருக்க வேண்டும். இதில் தமிழுக்கு மட்டும் ஒரு செலவு இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும், புள்ளியும் துணைக்காலும்கூட, ஒன்பது எழுத்துகளாக விரியும். ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லே 81 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துகள்தாம் இடம் தருகிறது. அதனால் ‘திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் தேரோட்டம்’ என்ற தலைப்பு ‘திருவிடைமருதூர்-மகாலிங்’ என்பதோடு துண்டாகிவிடும். அதே கோயிலைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினால், வால் முறிந்த அதே முகவரியில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பட்டியலில் இப்படிச் சில கண்டேன். அட்டவணையில் ஏறாததற்கு இது காரணம் அல்ல, பழையவற்றைத் தொடாதீர்கள். இனி எழுதும் கட்டுரைகளுக்கு முகவரியை நீங்களே இரண்டு சொற்களுக்குள் சுருக்கி வையுங்கள்.

ஒரு கோப்பில் 50,000 முகவரி, சுருக்காத நிலையில் 50 எம்பி என்ற வரம்புகளைப் பற்றி உங்கள் அளவில் யோசிக்கவே வேண்டாம். சைட்மேப்பில் வரும் முன்னுரிமை எண், பக்கம் எவ்வளவு அடிக்கடி மாறும் என்ற குறிப்பு ஆகிய இரண்டையும் கூகுள் கண்டுகொள்வதில்லை. கடைசியாகத் திருத்திய தேதி உண்மையாக இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. வேர்ட்பிரஸின் சொந்த சைட்மேப்பில் அந்தத் தேதி 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய பதிப்பில் இருந்தால் புதுப்பியுங்கள்.

நிரல் எழுதத் தெரிந்த நண்பர் இருந்தால், சர்ச் கன்சோல் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) வழியாக இதே தகவலை வாரம் ஒருமுறை தானாக எடுத்து வைக்கலாம். கடைசியாகப் பதிவிறக்கிய நேரம், பிழைகள், எச்சரிக்கைகள், பட்டியலிலுள்ள முகவரிகளின் எண்ணிக்கை எல்லாம் வரும். அட்டவணையில் ஏறியவை என்று ஒரு புலமும் அங்கே தென்படும். அது கைவிடப்பட்ட புலம், நம்ப வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அமைப்புகளில் பயனர்களும் அனுமதிகளும் என்ற பகுதிக்குப் போய், உங்கள் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சைட்மேப் சமர்ப்பிக்க உரிமையாளர் அனுமதி வேண்டும். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் மட்டும் உரிமையாளராக இருந்து, நீங்கள் வெறும் பார்வையாளராக இருந்தால், மேலே சொன்னவற்றில் பாதியைச் செய்ய முடியாது. அவர் தொலைபேசியை எடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. டொமைன் உங்கள் கணக்கில் இருக்கிறதென்றால், அதன் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சேவையகத்தோடு இணைக்கும் பதிவுகள்) அமைப்பில் கூகுள் தரும் ஒரு வரியைச் சேர்த்து நீங்களே உரிமையாளர் ஆகிவிடலாம். மற்ற வேலைகளுக்கு முன்னால், இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.